அழுத்தியிருக்கும் வரை

புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் பின்சந்தில்
பாண்டிமீனாவின் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை.
போர் வண்டி முன்னால், பைப் வண்டி பின்னால்,
இரண்டுக்கும் ஒரே அச்சில் இரண்டு ரேடியோ.
முதலாளி கொடுத்தனுப்பிய அட்டைப்பெட்டி மேல்
எங்கள் இரண்டு பெயரையும்
சேர்த்து எழுதியிருந்தார்.
நாங்கள் பேசி நாற்பத்தொரு நாள்.

லாரிக்கு இருபத்துநாலு வோல்ட், செட்டுக்குப் பன்னிரண்டு.
ஒற்றை பேட்டரியில் கொக்கி போடக் கூடாதென்று
நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வைத்தாள்.
பியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே போட்டாள்.
கேபின் கூரையில் ஆன்டெனா நிற்கப்போகும் இடத்தில்
ஆயுதபூஜைக்கு அடித்த பச்சைப் பெயின்ட்டை
உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்,
வெறும் இரும்பு பளிச்சிடும் வரை.
"எர்த்து வேணும்ணே.
பூச்சுக்கு மேல உக்காந்தா பிடிக்காது."

மீட்டர் முள் மூன்றில் நின்றது.
"பேசுறதுல கால்வாசி வெளிய போகல,
உங்ககிட்டயே திரும்பி வருது."
குறட்டால் கம்பியின் நுனியில்
ஒரு நெல் நீளம் நறுக்குவாள். முள்ளைப் பார்ப்பாள்.
இன்னும் ஒரு நெல்.
வெட்டியதை ஒட்ட முடியாதாம், அதனால் இந்த நிதானம்.
முள் ஒன்றரைக்கு இறங்கியதும்
மூன்று டீ சொன்னாள்.

ஆன்டெனா மாட்டாமல் பொத்தானைத் தொடாதீர்கள் என்றாள்.
போக வழியில்லாத பேச்சு
செட்டுக்குள்ளேயே நின்று வெந்துபோகுமாம்.
சேவுகன் அப்போது டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.
என் தங்கை புருஷன்.
நல்ல டயர்தான், ஏழெட்டுத் தடவை உதைத்தான்.

கடைசியாக அந்தச் சின்னக் குமிழ்.
இரைச்சல் அடங்கும் வரை திருப்ப வேண்டும்,
அடங்கிய இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும்.
அதற்கு மேலும் திருப்பினால் சுகமாகத்தான் இருக்கும்,
தூரத்துக் குரலும் சேர்ந்து செத்திருக்கும்.

"மாடு. இடப்பக்கம்."
"சரி."
"வேகத்தடை."
"சரி."
காரைக்குடி வரை இவ்வளவுதான் பேச்சு.

கோவிலூர் தாண்டியதும்
அவன் மைக் மேல் ஏதோ ஏறி உட்கார்ந்துவிட்டது.
கியர் முனகுவது கேட்டது. ஒரு இருமல்.
பிறகு அவன், தனக்குத்தானே:
"எழுநூத்தி இருபது அடி. வெறும் பொடி.
டீசல் காசு யார் தலையில?"
கொஞ்ச தூரம் வெறும் எஞ்சின்.
"மச்சான்னு ஆரம்பிச்சா மூஞ்சியத் திருப்பும்.
'இங்க பாருங்க'ன்னு ஆரம்பிப்போமா?
அதுக்கும் திருப்பும்.
அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது..."
அங்கே ஒரு பஸ் ஹாரன் குறுக்கே வந்தது.

அழுத்தினேன்.
"டேய், மைக்க எடு, எல்லாம் கேக்குது."
அவனுக்கு எப்படிக் கேட்கும்?
அழுத்தியிருக்கும் வரை எந்தச் செட்டுக்கும் காது கிடையாது.
நான் அழுத்திய நேரத்தில்
அவன் சொன்ன ஏதோ ஒன்று எனக்கும் போயிற்று.
அதன்பிறகு பொத்தானைத் தொடவில்லை.
ஹெட்லைட்டையும் அடிக்கவில்லை.
முன்னால் போகும் இரும்புக் கோபுரத்தின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி
ஏழு கிலோமீட்டர்
அவன் என்னிடம் எப்படிப் பேசுவதென்று
ஒத்திகை பார்த்ததைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.
ஒரு தடவை நான் பேசுவது போலவும் பேசிப் பார்த்தான்.
என் குரல் அவ்வளவு கடுப்பாகவா இருக்கும்?

குன்றக்குடியில் நிறுத்தினோம்.
அவன் டீக்கடைக்கு இறங்கிப் போனதும்
மைக்கை அமுக்கிக் கிடந்த தூக்குவாளியை
இரண்டு விரலால் நகர்த்தி வைத்தேன்.
என் தங்கை கட்டிக்கொடுத்த புளியோதரை, பாதி மீதி.
டீயின்போது அவன் எதுவும் சொல்லவில்லை,
நானும்.

திருப்பத்தூர் சாலையில் இருட்டிவிட்டது.
ரேடியோ ஒருமுறை கிளிக் என்றது.
"ம..." என்று வந்தது.
கொஞ்சம் தாமதித்து,
"மாடு. வலப்பக்கம்."

சாலையில் மாடு எதுவும் இல்லை.

"பாத்துட்டேன் மாப்ள" என்றேன்.
பொத்தானை விட்டேன்.
குமிழைச் சற்றே பின்னுக்குத் திருப்பினேன்,
இரைச்சல் வந்தாலும் வரட்டும் என்று.