நடுக்கோடு

கைதடிச் சந்தியிலிருந்து நாவற்குழி வரை
நாலு வழிப்பாதை, கணினியில் ஏற்கெனவே ஓடுகிறது.
நடுக்கோட்டிலிருந்து பதினைந்து மீற்றர்.
மதில்களில் சிவப்புப் பெயின்ரால் அம்புக்குறி போட்டது நான்தான்.

பிரதேச சபை மண்டபத்தில்
ரயர்க்கடை யோகமலர்
வரைபடத்தின் மேல் அளவுநாடாவை விரித்தாள்.
"நடு எண்டுறது எது தம்பி?
வைரவருக்கு வளையுது, வங்கிக்கு வளையுது,
என்ர கடைக்கு மட்டும் நேரா வருது."

யாரோ சிரித்தார்கள்.
பொறியியலாளர் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

பள்ளிவிட்ட பிள்ளைகள் எங்கே கடப்பார்கள் என்பதற்கும்
தாளில் நான் இடம் விட்டிருக்கவில்லை.

இரவு, கோட்டை அவள் பக்கமிருந்து
ஒரு மீற்றர் தள்ளிப் பார்த்தேன்.
எதிரே ஒரு மாமரம்,
பெயர் தெரியாத ஒருவரின் படலை
சிவப்பாகின.

சேமிக்கவா என்று
கேட்டபடியே நிற்கிறது திரை.