ஏழு பேருக்கு ஒரு ஊர்

அரையாண்டில் கடைசித் தாள் கணக்கு.
அதை எழுதிவிட்டு வந்த கையோடு லோகித்
காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம்
மணாலி என்று எழுதினான்.
ஹேமா அதை அடித்துவிட்டு கோவா என்றாள்.
சின்னக் கொழுந்தன் சீனுவுக்கு மூணாறு;
வேன்காரன் நம்பர்கூட வைத்திருந்தான்.
ரேவதி கைக்குழந்தைக்காரி.
"எங்கன்னாலும் சரி, வெந்நி கெடைக்கணும்."

தணிகைக்குப் பெரம்பூர் கேரேஜில் வேலை.
ரயில் பெட்டிக்குள் பெர்த் பூட்டுகிறவர்.
பதினெட்டு வருஷமாய் அவர் முடுக்கிய திருகுகள்
ஜம்முவரை போய்
பனியில் நனைந்து வந்திருக்கின்றன.
நாங்கள் கொருக்குப்பேட்டை கேட்டில்
பைக்கை ஒருக்களித்து நிறுத்தி
டெல்லி வண்டிக்கு வழிவிடுகிறவர்கள்.
"நம்ம பொட்டி" என்பார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.
எண்ணி முடிப்பதற்குள் போய்விடும்.

இந்த வருஷம் பாஸ் எழுதியே தீருவது என்று
கிளப்பிவிட்டவள் நான்தான்.
கிளப்பிவிட்ட பிறகுதான் கிழமைகளைப் பார்த்தேன்.

செவ்வாய், வியாழன், சனி
இந்திராணிக்கு ஸ்டான்லியில் டயாலிசிஸ்.
தணிகையின் அக்கா. நாற்பத்து நாலு வயசு.
ஜன்னலிலிருந்து மூன்றாவது கட்டில், நாலு மணி நேரம்.
சனி சாயங்காலம் ஊசியைப் பிடுங்கினால்
செவ்வாய்க் காலைவரை
அவள் உடம்பு அவளுக்கு.
எங்கள் இந்தியா அவ்வளவுதான்:
மூன்று ராத்திரி, நடுவே இரண்டு பகல்.

மணாலிக்குப் போய்ச் சேரவே அது பத்தாது.
கோவாவில் இறங்கிய சூட்டோடு ஏற வேண்டும்.
நான் பென்சிலால் வெட்ட வெட்ட
லோகித் தாளைப் பார்க்கவில்லை,
என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன வுட்டுட்டுப் போயினு வாங்கமே.
நான் வூட்டப் பாத்துக்கறேன்."
சொல்லும்போது இந்திராணி
கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்,
அவள் தின்னக் கூடாத கீரை.
யாரும் சரி என்று சொல்லவில்லை.
அதெல்லாம் முடியாது என்றும்
ஒரு நிமிஷம்
யாரும் சொல்லவில்லை.
அந்த நிமிஷத்தில் என் மணாலியும் இருந்தது.

அவளுக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி தண்ணீர்.
மீறி நாக்கு வறண்டால் ஐஸ் கட்டி ஒன்று.
ஃப்ரீசரில் அதற்கென்று தனித் தட்டு,
பிள்ளைகள் தொட மாட்டார்கள்.
லோகித் எழுந்துபோய் அதில் ஒன்றைப் பெயர்த்து
அவள் உள்ளங்கையில் வைத்தான்.
"அத்தே, பனி இப்டிதான் இருக்குமா?"
"இத்த வுட மெத்துனு இருக்கும்டா,"
பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி.
வாயில் போட்டு
கன்னம் ஒருபக்கம் புடைக்கச் சொன்னாள்:
"குளுரு இருந்தா போதும்.
குளுர்ல தாகம் எடுக்காதாம், நர்ஸ் சொல்ச்சு."

ஏலகிரி.
ஜோலார்பேட்டையில் இறங்கி, பதினாலு வளைவு.
ஊட்டிக்குத் தங்கச்சி முறை என்றான் சீனு,
மூணாறு வேன்காரனுக்கு மன்னிப்பு அனுப்பிக்கொண்டே.
கோவா கேட்டவள்
பக்கத்து வீட்டில் ஸ்வெட்டர் இரவல் கேட்கப் போனாள்,
கறுப்பு மட்டும்தான் வேண்டுமாம்.
ஜம்முவரை எழுதியிருக்கலாம் அந்த பாஸை.
தணிகை ஃபாரத்தை நாலாய் மடித்து
பீரோவில் துணிக்கடியில் வைத்தார்.
அடுத்த டிசம்பருக்கு என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிறு, இருட்டு பிரியவில்லை.
ஷேர் ஆட்டோவில் ஏழு பேர், ஐந்து பை,
வெந்நீர் பிளாஸ்க் ரேவதி மடியில்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
வழக்கம்போல் வடக்கே போகிற வண்டி ஒன்று
விளக்கெரிந்த ஜன்னல்களோடு.
இந்திராணி தலையை வெளியே நீட்டி
சத்தமாக எண்ணினாள்.
இருபத்திரண்டு பெட்டி என்றாள்.
இருபத்து மூணு என்றான் லோகித்.
பெரம்பூர் போய்ச் சேரும்வரை
அந்தச் சண்டை ஓயவில்லை.