காடி வைத்த ஒரு நிமிடம்

“ஒரு நிமிஷம் அசையாம இரும்மா.
காடிதான் தடவியிருக்கு, ஊறுகாய்க்கு ஊத்துறது.
வெள்ளையா மாறுதான்னு பாக்கணும்”
என்று கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டார் லூர்து சிஸ்டர்.

முழங்கால் இரண்டும் மேலே.
சேலை வயிற்றின்மேல் சுருட்டிய பந்து.
அந்தப் புளிப்பு எனக்குப் பழக்கம்:
காவேரிப்பட்டணம் கூழ் கம்பெனிப் பின்வாசலில்
மூன்று நாள் கிடந்த மாங்கொட்டையின் மூச்சு.
சீசனில் பெல்ட்டின் ஓரம் நிற்பவள் நான்.
காம்படியில் கடுகளவு கறுத்திருந்தாலும்
என் விரல் அதைத் தள்ளிவிடும்.
வெளியே தெரிகிற புள்ளிக்குத்தான் கூலி.

பத்து விநாடி போயிருக்கும்.

சென்றாயன் கல் லாரி ஓட்டுகிறான்.
பர்கூர் குவாரியிலிருந்து சென்னைத் துறைமுகம்,
போக வர மூன்று நாள், சில நடை ஐந்து நாள்.
இரண்டு வருஷம் முன்பு ஒரு புண்ணோடு வந்தான்.
“இன்ஜின் சூடு” என்றான்.
காகிதத்தில் மடித்த மாத்திரையைத் தான் மட்டும் விழுங்கினான்.
பிறகு எனக்கு வெள்ளைபட்டது.
அதற்கும் எங்கள் தெருவில் சூடு என்றுதான் பெயர்.
வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன்
ஒன்றரை வருஷம், விடிகாலை, வெறும் வயிற்றில்.
வெந்தயம் என்ன செய்யும், பாவம்.

எல்லாவற்றையும் அவன் கணக்கில் எழுதி
மூடி வைத்திருந்தேன்.

ஆனால் நிமிடம் இன்னும் முடியவில்லை.
கூரையில் சுண்ணாம்பு உரிந்த இடம்
திருப்பூர் விடுதிச் சுவர் மாதிரியே இருக்கிறது.
எனக்குப் பத்தொன்பது. ஓவர்லாக் மெஷின்காரன் ஒருவன்.
மூன்று மாதம்.
சிரிப்பு நினைவிருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன்.

“இது எப்ப வந்திருக்கும், சிஸ்டர்?”
கூரையைப் பார்த்தபடியே கேட்டேன்.

“கிருமி தேதி போட்டுக்கிட்டு வராது.
முக்காவாசிப் பேருக்கு வந்து தானாவே போயிடும்.
சிலர்கிட்ட போகாம உக்காந்துக்கும்,
பத்து வருஷம், பதினஞ்சு வருஷம்கூட.
வேற தொத்து கூட இருந்தா அதுக்குக் கொண்டாட்டம்.
யாருன்னு தேடாத. எங்க இருக்குன்னு பாப்போம்.”

வாடகை தராத குடித்தனக்காரனைப் பற்றிப்
பேசுவதுபோல் பேசினார்.

டார்ச் வெளிச்சம் உள்ளே போனது.
நான் ஒருநாளும் பார்த்திராத என்னை
ஒருத்தி குனிந்து பார்த்தாள்.

“வெள்ளை தெரியுது.”

தொண்டையில் மாங்கொட்டை.

“கேன்சர்னு அர்த்தமில்ல.
ஆகறதுக்கு முன்னாடி பிடிக்கத்தான் இந்த வேலையே.
போலுப்பள்ளி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதறேன்.
பெருசாக்கிப் பாப்பாங்க, துளி சதை எடுத்தாலும் எடுப்பாங்க.
தேவைன்னா சுட்டு எடுத்துடுவாங்க, அன்னிக்கே வீட்டுக்குப் போலாம்.
வெள்ளைப்படறதுக்கு வேற மாத்திரை. அவருக்கும் சேத்து.
பொண்ணு என்ன படிக்குது?”
“எட்டாவது.”
“அவளுக்கு ஊசி இருக்கு. கூட்டிட்டு வா.”

சேலையை இறக்கினேன்.
காடி வாசம் கூடவே இறங்கியது.

அவனுக்கும் சேர்த்து.
மத்தியானம் போன் பண்ணுவான்,
வாலாஜா டோல்கேட் தாண்டி ஏதாவது டீக்கடையிலிருந்து.
எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?
திருப்பூரைச் சொல்வேனா?
இன்னும் யோசிக்கவில்லை.
மாத்திரையை மட்டும் சொல்வேன். அது உறுதி.

வெளியே வரிசை.
பெல்ட்டில் எனக்கு எதிரே நிற்கும் கெம்பம்மா
ஓடுவதற்குத் தோதாகச் செருப்பைக்கூடக் கழற்றாமல்:
“என்னக்கா, வலிச்சுதா?”

“குளிரும். அவ்வளவுதான்.
ஒரு நிமிஷம்.”

அவள் தூக்குப்போசியை வாங்கிக்கொண்டேன்.
இன்னும் சூடாக இருந்தது, களி.
கதவு சாத்தியதும் அவளுக்காக எண்ண ஆரம்பித்தேன்,
ஒன்று, இரண்டு என்று.
முப்பதோ முப்பத்தொன்றோ வரும்போது
ரோட்டில் ஒரு கல் லாரி ஹார்ன் அடித்துப் போனது.

எண்ணிக்கை விட்டுப்போச்சு.
மறுபடி ஒன்றிலிருந்து.