ஆற்றுக்குள் என் கொல்லை

மல்லாட்டை பிடுங்கிய மண்
நகத்திலிருந்து போகவில்லை.
அப்படியே போனேன் அணைக்கட்டுக்கு,
விரிவாக்க மையத்துக்கு.

சுவரில் திட்டத்தின் மேல் திட்டம் ஒட்டியிருந்தது.
சிறு, குறு விவசாயிக்குச்
சொட்டுநீர் முழு மானியம்.
நான் சிறுவா, குறுவா?
ஒன்றே கால் ஏக்கர் என்றேன்.
"குறு" என்றார் மோசஸ் சார்.
ஐம்பத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.

கெணத்துல தண்ணி இருக்கா?
மாசி வரைக்கும் இருக்கும் சார்,
அப்புறம் ஒரு வாளி சேறு, நாலு தவளை.
சொட்டுவதற்கும் ஏதாவது வேணுமேம்மா,
பண்ணைக்குட்டைக்கு எழுதுங்க.

எழுதினேன்.
அடங்கல் என் பேரில், பட்டா மாமனார் பேரில்.
மோட்டார் கடனுக்குக் கூட்டுறவு சங்கத்தில்
அவர் கையெழுத்தைக் கேட்டார்கள்.
அவர் செத்துப் பதினோரு வருஷம்.
வாரிசுச் சான்றுக்குக் கொழுந்தனார் வரவேண்டும்,
அவருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி,
ஞாயிறுதான் லீவு.
ஞாயிறு தாலுகா ஆபீசுக்கும் லீவு.
மூன்று நாள் சம்பளம் விட்டு வந்தார்.
மூன்றாம் நாள் சர்வர் வேலை செய்தது.

பங்குனி வெயிலில் வந்தார் மோசஸ் சார்.
சர்வே எண் எழுதிய அட்டையை
நெஞ்சோடு பிடித்து நிற்கச் சொன்னார்,
ஜெயிலில் போட்டோ எடுக்கிற மாதிரி.
போனைத் தூக்கி, இறக்கி,
பனைமரத்தைச் சுற்றி,
தலையைச் சொறிந்தார்.

"உங்க நிலம் பாலாத்துக்குள்ள காட்டுதும்மா."

எட்டிப் பார்த்தேன்.
நீலமாக அகலமாக ஒரு ஆறு,
அதன் நடுவே சிவப்புப் புள்ளியாக என் வரப்பு.
நிஜ ஆறு இரண்டு கிலோமீட்டர் தள்ளி,
கருவேலமும் லாரித் தடமும்.
ஆத்துக்குள்ள குட்டை வெட்ட
மானியம் கெடையாதும்மா.
ஆறு இருந்தா நான் ஏன் சார் குட்டை கேக்குறேன்?

சிரித்துவிட்டார்.
பத்தடி தெற்கே நடந்தார், புள்ளி நகரவில்லை.
நாற்பதடி நடந்தார்.
அடுத்தவன் கத்தரிக்காய்க்குள் நின்றபோது
கரை ஏறினேன்.

பொக்லைன் வந்து பத்து சென்ட்டை எடுத்துக்கொண்டது.
அந்தப் பத்து சென்ட்டில்தான்
மல்லாட்டை நன்றாகக் காய்க்கும்.
அதை எந்தப் படிவமும் கேட்கவில்லை.

ஐப்பசியில் முழங்கால் தண்ணீர் நின்றது.
கடன் முதல் தவணை தை பதினைந்து.
ராத்திரி மகன் போனை வாங்கி
அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன்.
இன்னமும் என் கொல்லை மேல்
நீலமாக ஓடிக்கொண்டிருந்தது பாலாறு.

பேர்ப்பிழைக்கு மனு கொடுத்தேன்,
பட்டா மாற்ற மனு கொடுத்தேன்.
இதற்குக் கொடுக்கவில்லை.