உருண்டு போனவை

தோட்டம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.
ஒரு லோடு சரளை,
கூரை மாற்றியபோது மிஞ்சிய பலகைக்கற்கள்,
மாடுகள் குடித்துக் குடித்து விளிம்பு தேய்ந்த கல்தொட்டி,
கொக்கி உடைந்த வலதுகால் ஸ்கீ பூட்ஸ் ஒன்று.
மண் ஒரு பங்குதான்.
மீதி இரண்டும் கல்.

எரு கேட்காத செடி இது.
ஊட்டி வளர்த்தால் வெளுத்துப் பருத்து
முட்டைக்கோஸாய் வாய் பிளக்கும்,
அடுத்த அடைமழையில் அழுகும்.
பட்டினி போட்டால் இறுகிச் சிவக்கும்.

குளிர் கொல்வதில்லை.
மைனஸ் இருபதிலும் பனிக்கடியில் உயிரோடு கிடக்கும்.
கொல்வது ஈரம்.
நவம்பரில் பழைய ஜன்னல் கண்ணாடியை
நான்கு செங்கல்மேல் நிறுத்துவேன்,
தலைக்குக் கூரை, இடுப்புக்குக் காற்று.
கேபிள் கார் நிலையத்தில் டிக்கெட் கிழித்த
முப்பத்தொரு வருடமும்
எனக்கு நேர்மாறு.

வீட்டு வேர் என்பார்கள் இந்தப் பள்ளத்தாக்கில்.
கூரையில் வைத்தால் இடி விழாதாம்.
என் கூரையில் விழவில்லை.
காஸியனின் லார்ச் மரத்தில் விழுந்தது.
மரம் என் சுவரில் விழுந்தது.
சுவரைத் திருப்பிக் கட்டியபோது
நாற்பது சென்டிமீட்டர்
எங்கோ இடம் மாறிவிட்டது.
கீழே என்கிறேன் நான். மேலே என்கிறான் அவன்.
வரப்புத் தகராறுக்கு வயல் வேண்டுமா என்ன?
இம்ஸ்ட் நகரத்து வக்கீல் ஒருவர்
எங்கள் இருவர் காசிலும் புது மாடி கட்டினார்.
ஏழு வருடம். ஒரு வணக்கம் கிடையாது.

இதில் ஒரு ஜாதி உண்டு, உருளும் ஜாதி.
தாயின் இடுப்பைச் சுற்றி
நூல் காம்புகளில் பட்டாணிக் குட்டிகள்.
ஆகஸ்டில் காம்பு காயும்.
காற்றோ பூனையோ தொட்டால் போதும்,
சரிவில் ஓடும்.
தலைகீழாய் விழுந்தாலும்
ஒரு பக்கம் வேர்விட்டு
தன்னைத் தானே இழுத்து நிமிர்த்திக்கொள்ளும்.

சரிவு முடிவது அவன் பக்கம்.

முதல் வருடம் சுவர்மேல் முட்டைப் பெட்டி,
உள்ளே பதினொன்று.
'திருமதி நோட்புர்காவின் உடைமை' என்று
பென்சிலில் ஒரு சீட்டு.
நட்டேன். உருண்டன.
மறு வருடம் எண்ணி வைத்திருந்தேன், பதினான்கு.
பெட்டியில் வந்தவை ஒன்பது.
வக்கீலுக்கு நான் எழுதாத ஒரே விஷயம் அதுதான்.
அதற்கடுத்த வருடம் பெட்டியே வரவில்லை.

இந்த ஜூனில் தொட்டியின் பெரியவள்
கழுத்தை நீட்டத் தொடங்கினாள்.
பூக்கப்போகிறாள், அதாவது சாகப்போகிறாள்.
வெளிர்மஞ்சள் மணிகள், மூன்று வாரம், வண்டுகள்.
பிறகு அடியிலிருந்து கறுத்து
காகிதமாய்க் கையோடு வந்தாள்.
குட்டி ஒன்றுகூட இல்லை.
மேல்நோக்கி எதுவும் உருளாது.

அன்றுதான் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன்.
நாற்பது சென்டிமீட்டர், அதே நாற்பது,
நீளம் முழுக்க.
சரளை போட்டிருக்கிறான்.
பலகைக்கற்களைச் செங்குத்தாய்ச் செருகி
இடுக்குக்கு இடுக்கு நெருக்கியடித்துக் குட்டிகள்.
எரு போடவில்லை. சிவந்திருந்தன.
கண்ணாடிகூட, செங்கல்மேல்.
எங்கிருந்து பார்த்தான்?

பழைய முட்டைப் பெட்டியைத் தேடி எடுத்தேன்.
காலி. சீட்டு எதுவும் எழுதவில்லை.
சுவர்மேல் வைத்து
பறக்காமலிருக்க ஒரு கல்.

காலையில் பெட்டி இல்லை.
கல் மட்டும் இருக்கிறது,
அவன் பக்கமா என் பக்கமா
சொல்ல முடியாத இடத்தில்.