இறுதி அளவு

கேப்பர் மலை மின்வாரியக் கொட்டகையில்
வெள்ளம் வடிந்த மறுவாரம்
இருநூற்றுப் பதினோரு மீட்டர்கள்
வெயிலில் கிடந்தன.
கருவாடு மாதிரி, என்றான் லாரியில் கொண்டுவந்தவன்.
நாற்றமும் ஏறக்குறைய அதுதான்.

நான் திருகாணி கழற்றுகிறவள்.
சேற்றை ஸ்பிரிட் விட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால்
எட்டுக் கால்களோடு கறுப்பாய் ஒன்று தெரியும்,
உளுந்தளவு.
கணக்கெல்லாம் அதற்குள்.

வைத்துக்கொள்ள அதற்கு மின்சாரம் வேண்டாம்.
எழுதும்போது மட்டும் ஒரு தள்ளு;
கண்ணாடிச் சுவரைத் துளைத்து உள்ளே விழுந்த எலக்ட்ரான்
திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே கிடக்கும்.
அடைபட்டுக் கிடப்பதுதான் அதன் ஞாபகம்.
எழுத எழுதச் சுவர் தேயும் என்பதால்
அறை மாற்றி அறை மாற்றி எழுதும்,
அட்வான்ஸ் கரையக் கரைய வீடு மாற்றுகிறவன் போல.

ஒரே எண் மூன்று இடத்தில் இருக்கும்.
ஒன்று பிசகினால் மற்ற இரண்டும் சேர்ந்து திருத்திவிடும்.
எங்கள் வீட்டிலும் மூன்று பேர்தான்.

கரண்ட் போகப்போவது அதற்கு முன்பே தெரியும்.
அழுத்தம் சரியத் தொடங்கியதும்
கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் துளியை வைத்து
இமை மூடுவதற்குள்
கடைசி எண்ணையும் நேரத்தையும் எழுதிவிட்டுக்
கதவைச் சாத்திக்கொள்ளும்.
பிறகு ஆறு வந்தால் என்ன, கடலே வந்தால் என்ன.

"குண்டு உப்பலவாடி, கடைசி வீடு" என்று
வைரக்கண்ணு வந்து நின்றார்.
வீடு இல்லை.
மீட்டர் மாட்டிய சுவரின் ஒரு துண்டு மட்டும்
கொடுக்காப்புளி வேலியில் சிக்கியிருந்ததாம்.
தம்பி ஏகாம்பரம் அன்று சாயங்காலமே
பாண்டிக்கு பஸ் ஏறியிருப்பான் என்றார்.
என்னிடம் சொன்னாரா, தனக்கா, தெரியவில்லை.

அரை மணிக்கு ஒரு வரி. திரையில் ஓடவிட்டேன்.
ஏழு மணி: ஒரு பல்பு, ஒரு ஃபேன்.
பத்து மணி: அதேதான்.
பன்னிரண்டரையிலிருந்து முக்கால் ஹெச்.பி. மோட்டார்.
"எறைச்சிருக்கான்," என்றார்.
ஒன்று. ஒன்றரை. இரண்டு. இரண்டரை.
மூன்று பன்னிரண்டுக்கு அப்புறம் வரி இல்லை.
போனது லைனா சுவரா என்று
அதில் எழுதியிருக்காது.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்: இறுதி அளவு.
4317 என்று போட்டேன்.
வெள்ளப் பகுதிக்குத் தள்ளுபடி, கட்ட வேண்டாம் என்றேன்.
"அந்த மோட்டார் ஓடினதுக்கு மட்டுமாவது வாங்கிக்கும்மா."
அதற்கு ரசீது போட வழியில்லை.
அவர் போன பிறகு பார்த்தேன்,
ஸ்பிரிட் பாட்டிலுக்கு அடியில் இருபது ரூபாய்.

சரிசெய்த மீட்டரை அழித்துவிட்டுத்தான்
அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். விதி.
ஏழாவது கால்தான் பூட்டு.
அதை மேலே இழுத்துப் பற்றவைத்துவிட்டால்
அப்புறம் யார் எழுதினாலும் ஏறாது.
பற்றவைத்தேன்.
பழுது என்று சீட்டு ஒட்டி
அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.
தயாரிப்பாளர் தாளில் நாற்பது வருஷம் தாங்கும் என்றிருக்கிறது.
எனக்கு முப்பத்தாறு.

அடுத்ததன் மூடியைத் திறந்தேன்.
காய்ந்துபோன குட்டி நண்டு ஒன்று,
கால்கள் மடங்கி.