உமிரி

உப்பு லோடு வரும் நாளில்
எனக்கு வேலை எண்ணுவது.
நூற்றிருபது மூட்டை, இரண்டு கிழிசல்.
சிந்தியதைக் கூட்டி அள்ளி
நூற்றிருபத்தொன்றாக்குவார் முதலாளி.

சாயம் நூலில் பிடிக்க உப்பு வேண்டும்.
பிடித்ததும் அதே உப்பு போய்விட வேண்டும்.
அதற்குத் தண்ணீர், தண்ணீருக்கு ஒரு பள்ளம்,
பள்ளத்துக்கு அப்பால் ராக்கியப்பனின் வயல்.
மஞ்சள் விளைந்த மண்.
இப்போது வெள்ளை பூத்துக் கிடக்கிறது,
கொண்டலாம்பட்டி ஆடுகள்கூட நுழைவதில்லை.

அங்கேதான் முளைத்திருந்தது,
விரல் விரலாய், கொழுத்து, சாண் உயரத்தில்.
"விஷச் செடி, தொட்றாதீங்க" என்றார் மேஸ்திரி.

சிட்டம் பிழிந்துகொண்டிருந்த ஜெசிந்தா
முழங்கை வரை சிவந்த கைகளோடு வந்து
குனிந்து பார்த்தாள். சிரித்தாள்.
வேலைக்குச் சேர்ந்த பதினோரு மாதத்தில்
அன்றைக்குத்தான் பல் தெரிந்தது.
"உமிரில்லா இது!
எளா, நீ எப்பம் இங்க வந்த?"
செடியிடம்தான் கேட்டாள்.

மூட்டையோடு வந்திருக்கும் என்றேன்.

வேம்பாரில் உப்பள வரப்பில் ஒடிப்பார்களாம்.
வேகவைத்து, இறுத்து,
மறுபடி வேகவைத்து, மறுபடி இறுத்து,
பொடி இறாலும் தேங்காயும் போட்டு.
"உப்பு மட்டும் போடப்பிடாது.
எவ்வளவுன்னு அதுக்கே தெரியும்."

சோற்று வேளையில் ஒரு கொத்து ஒடித்துவந்து
தூக்குவாளி மூடியில் வைத்தாள்.
நுனியெல்லாம் சிவப்பு.
கோடையில் தானாகவே சிவக்குமாம்.
அந்த வாரம் முழுக்க
நாங்கள் ஓட்டியதும் சிவப்புதான்.

ஒன்றைக் கிள்ளிப் பிழிந்தாள்.
சாறு அவள் உள்ளங்கையில் விழுந்தது.
அந்தக் கையில் என்ன தெரியும்?
என் கையை நீட்டினேன், கணக்கெழுதும் கை.
வெயிலில் பிடித்து இருவரும் பார்த்தோம்.
பச்சை என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரில்
சிட்டத்தை அலசுவதுபோல் அலசினாள்.
எட்டாவது அலசலில் தண்ணீர் தெளிந்தது.
"போதுமே" என்றேன்.
"தெளிஞ்சா போதும்ங்கிறது நூலுக்கு."

ஆனாலும் ஒரே ஒரு விரலை
நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.
மென்றாள். சுவரோரம் போய்த் துப்பினாள்.

என்ன ருசி என்று கேட்டேன்.
"மூட்டை ருசி."

அடுத்த லோடில் மூன்று கிழிசல்.
துடைப்பத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.
கூட்டவில்லை.
சிந்திய உப்பைத் தரையில் பரத்திவிட்டு
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து உட்கார்ந்து
தேடிக்கொண்டிருந்தாள்,
கறுப்பாய், கடுகிலும் சிறிதாய் எதையோ.